பன்றி முடி சவர பிரஷ்: நுரை ஏன் பாதியில் அடங்கிப்போகிறது?

பிப்ரவரி 4, காலை (வந்த கேள்வி)

இத்தனை நாள் பேட்ஜர் என்கிற விலங்கின் முடியில் செய்த சவர பிரஷ் வைத்திருந்தேன், குழாயடியில் காட்டி எடுத்தாலே நுரை பொங்கும். இப்போது பன்றி முடி பிரஷ். கட்டி சோப்பு. கிண்ணத்தில் அடிக்கும்போது நன்றாகத்தான் வருகிறது, முதல் சுற்று மழித்துவிட்டு இரண்டாவது சுற்றுக்கு எடுத்தால் பிரஷில் ஒன்றுமே இல்லை. தடவினால் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு காய்கிறது, பிளேடு இழுக்கிறது. பிரஷ் மட்டமா, சோப்பு மட்டமா, என் கை சரியில்லையா?

பிப்ரவரி 4, இரவு 9.10

மூன்றுமே இல்லை. தண்ணீர்தான் விஷயம்.

பேட்ஜர் முடி தண்ணீரை முடிகளுக்கு இடையில் பிடித்து வைத்துக்கொள்ளும். பன்றி முடி அப்படியில்லை, முடிக்குள்ளேயே இழுத்துக்கொள்ளும். புதுப் பானையில் ஊற்றின தண்ணீர் மாதிரிதான், பானை குடித்து முடிக்கிறவரை மட்டம் இறங்கிக்கொண்டே இருக்கும். அரைகுறையாக நனைந்த பிரஷில் நுரை அடிக்கும்போது எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும், ஏனென்றால் அந்த நேரத்துக்குத் தேவையான தண்ணீர் வெளியே இருக்கிறது. நீங்கள் கன்னத்தை மழித்துக்கொண்டிருக்கும் அந்த சில நிமிடத்தில் பிரஷ் சும்மா இல்லை, தன் நுரையில் இருக்கிற தண்ணீரைத் தானே குடித்துக்கொண்டிருக்கிறது. நுரை என்றால் சோப்பும் தண்ணீரும் காற்றும். தண்ணீர் போனால் குமிழியின் சுவர் மெலிந்து உடைந்துவிடும், மிச்சம் இருப்பது நீங்கள் சொன்ன அந்த வெள்ளைப் பசை.

நாளைக்கு ஒன்று செய்து பாருங்கள். குளிக்கப் போகும் முன் ஒரு டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, முடி மட்டும் முங்குகிற அளவுக்குப் பிரஷை அதில் நிறுத்திவிட்டுப் போங்கள். குளித்துவிட்டு வந்து ஆரம்பியுங்கள். வேறு எதையும் மாற்ற வேண்டாம், அதே சோப்பு, அதே கை. கொதிக்கிற தண்ணீர் மட்டும் வேண்டாம், முடியையும் கெடுக்கும், முடியைக் கைப்பிடியில் பிடித்திருக்கிற பசையையும் இளக்கும்.

பிப்ரவரி 5, காலை 6.40

"இரண்டு நிமிடம் போதும், குளிக்கிற நேரம் முழுக்க ஊறவைப்பது வீண்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் பிரஷுக்கு அது போதுமாக இருக்கலாம். பழகின, குட்டையான பிரஷ் சீக்கிரம் நனையும். ஆனால் புதுசுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. பன்றி முடி அடியில் தடிப்பாகவும் நுனியில் மெல்லிசாகவும் இருக்கிற முடி, நுனி முதலில் ஊறும், தடித்த அடிப்பாகத்துக்கு நேரம் பிடிக்கும். இத்தாலிய ஒமேகா நிறுவனத்தின் 10049 என்கிற மாடல் மாதிரி, கைப்பிடிக்கு மேலே முடியே 60 மி.மீ.க்கு மேல் நிற்கிற பிரஷ் என்றால் எத்தனை முடிக்குத் தண்ணீர் போய்ச் சேர வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

கடிகாரம் பார்க்க வேண்டாம், விரலால் பாருங்கள். பிரஷை எடுத்து, நுனியை அல்ல, கைப்பிடிக்குச் சற்று மேலே இரண்டு விரலால் பிடித்து வளையுங்கள். காய்ந்த முடி விரலை எதிர்த்துத் தள்ளும், விட்டதும் விறைப்பாக எழுந்து நிற்கும். ஊறின முடி தழைந்து கொடுக்கும். நுனி மெத்தென்று இருக்க அடி மட்டும் விறைப்பாக இருந்தால் இன்னும் தண்ணீர் குடிக்கப்போகிறது என்று அர்த்தம், திரும்ப டம்ளரிலேயே வையுங்கள்.

பிப்ரவரி 5, இரவு 10.25

கேட்டவரே வந்து சொல்லிவிட்டார், இரண்டாவது சுற்று வரை நுரை தாங்கியதாம், மூன்றாவதில் திரும்பவும் வறண்டுவிட்டதாம். நல்லது, பாதி வழி வந்தாயிற்று. மிச்சம் சோப்பை எடுக்கிற விதத்தில் இருக்கிறது. நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 6, காலை 7.15

பிரஷில் சோப்பு ஏற்றுவது.

ஊறின பிரஷை எடுத்து இரண்டு மூன்று உதறு உதறினால் போதும். பிழிந்து எடுக்காதீர்கள், சொட்டச் சொட்டவும் எடுக்காதீர்கள். சொட்டுகிற பிரஷைச் சோப்பில் வைத்தால் உடனே பெரிய பெரிய குமிழியாகப் பொங்கும், பார்க்க நிறைய இருக்கும், முகத்தில் போட்டதும் காணாமல் போகும். அதில் இருப்பது காற்றுதான். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பொங்கலைப் பார்த்து "சோப்பு போதும்" என்று நிறுத்திவிடுகிறார்கள், பஞ்சமே அங்கேதான் தொடங்குகிறது.

கட்டி சோப்பு என்றால் குறைந்தது அரை நிமிடம், புது பிரஷுக்கு ஒரு முழு நிமிடம்கூடச் சுற்றலாம். மேலோட்டமாகத் தடவினால் வராது. நுனி விரிந்து படியும் அளவுக்கு அழுத்திச் சுற்ற வேண்டும், பன்றி முடியின் விறைப்பு உபயோகப்படுகிற இடமே இதுதான். மெத்தென்ற பேட்ஜர் கட்டி சோப்பின் மேல் வழுக்கிக்கொண்டு போகும், பன்றி முடி சுரண்டி எடுத்துக்கொள்ளும். அதனால் சோப்பு எடுக்கிற விஷயத்தில் உங்கள் கையில் இருப்பது நல்ல கருவி, அதைப் பாதியில் நிறுத்தாமல் வேலை வாங்குங்கள்.

எப்போது நிறுத்துவது? காதால் கேட்கலாம். ஆரம்பத்தில் தண்ணீரும் குமிழியும் கலந்து சளசள என்று சத்தம் வரும். சுற்றச் சுற்ற அந்தச் சத்தம் தேய்ந்து, கனமாக, கிட்டத்தட்டச் சத்தமே இல்லாமல் ஆகிவிடும். அப்போது பிரஷைத் தூக்கிப் பாருங்கள், நுனியில் குமிழியே தெரியாத கெட்டிப் பசை தொப்பியாக உட்கார்ந்திருக்கும், சோப்பின் மேல் முடி ஓடின தடம் கோடு கோடாக அழியாமல் நிற்கும். அதுதான் அளவு. கவிழ்த்தாலும் அது விழாது.

பிப்ரவரி 6, மதியம் 1.30

இன்னொன்று. சோப்பு மிகக் கெட்டியாக இருந்தால் பிரஷை ஊறவைக்கும்போதே சோப்பின் தலையிலும் ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு வையுங்கள். மேல்பரப்பு இளகியிருக்கும், ஏற்றுகிற நேரம் குறையும். அந்தத் தண்ணீரை ஆரம்பிக்கும் முன் கொட்டிவிடலாம், இல்லை, முகத்திலேயே தடவிக்கொள்ளலாம், சோப்பு கலந்த தண்ணீர்தானே, தாடி ஊற அதுவும் நல்லது.

பிப்ரவரி 7, இரவு 8.50

குளிக்கிற சோப்பிலேயே செய்தால் என்ன என்ற கேள்விக்கு.

நுரை வரும், நிற்காது. குளியல் சோப்பு பெரும்பாலும் சோடியம் உப்பு. சவர சோப்பிலும் கிரீமிலும் பொட்டாசியம் உப்பு கணிசமாக இருக்கும், கிரீமில் அதுதான் அதிகம். பொட்டாசியம் சோப்பு தண்ணீரில் சுலபமாகக் கரையும், மென்மையாக இருக்கும். அதோடு ஸ்டியரிக் அமிலம் என்கிற கொழுப்பு அமிலம் நிறைய சேர்ப்பார்கள், பொடிக் குமிழியாக, அடர்த்தியாக, சீக்கிரம் உடையாத நுரை அதனால்தான் வருகிறது. தேங்காய் எண்ணெயிலிருந்து வருகிற லாரிக் அமிலம் சட்டென்று பெரிய குமிழியாகப் பொங்கவைக்கும், ஆனால் அந்தக் குமிழிக்கு ஆயுசு கம்மி. நல்ல சவர சோப்பில் இரண்டும் சேர்ந்து இருக்கும். கிளிசரின் இருந்தால் இன்னும் நல்லது, அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் குடிக்கிற பிரஷோடு மல்லுக்கட்டும்போது ஈரத்தை விடாத சோப்பு உங்கள் பக்கம் இருப்பது பெரிய பலம்.

பிப்ரவரி 9, காலை 7.05

இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன், ஏனென்றால் பன்றி முடி பிரஷை "நுரை தின்னி" என்று திட்டி ஓரமாகப் போடுகிற பலர் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள்.

இரண்டாவது சுற்றுக்குப் பிரஷை எடுக்கிறீர்கள், நுனியில் நுரையில்லை. தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறீர்கள். அடுத்த தடவை அப்படி நினைத்த நிமிடமே கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் முடியின் அடியில், கைப்பிடியை ஒட்டி வைத்து, அழுத்தியபடி நுனி வரைக்கும் மெல்லக் கொண்டுவாருங்கள். முறுக்க வேண்டாம், இழுக்க வேண்டாம், அமுக்கினால் போதும். நான் இதை முதன்முதலில் செய்து பார்த்தபோது நடுவிலிருந்து வெள்ளையாக, கனமாக, அப்படியே ஒரு உள்ளங்கை நிறைய நுரை வந்தது, அதுவும் முகத்தில் போட்டதைவிட நல்ல நுரை. அவ்வளவும் உள்ளேயே உட்கார்ந்திருந்திருக்கிறது.

காரணம் இதுதான். புது பிரஷில் முடிகள் நெருக்கமாக, விறைப்பாக, நேராக நிற்கும். நுரை அடிக்க அடிக்க அது நடுப்பகுதிக்குள் இறங்கிவிடும், வெளியே வர வழியிருக்காது. முடி பழகி வளைந்துகொடுக்க ஆரம்பித்தால் உள்ளே போவது தானாக நுனிக்கு வரும், அதுவரை நாம்தான் அழைத்துவர வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கு முன்னும் அப்படி ஒரு முறை அமுக்கி, வந்த நுரையை நுனியிலேயே தடவிக்கொண்டு, பிரஷ் நுனியைத் தண்ணீரில் லேசாகத் தொட்டு, அப்புறம் முகத்தில் வட்டமாகச் சுற்றுங்கள். மூன்று சுற்றுக்குத் தாராளமாக வரும்.

அந்த "நுனியைத் தண்ணீரில் லேசாகத் தொட்டு" என்பதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். சொட்டுக் கணக்கில்தான் தண்ணீர் சேர்க்க வேண்டும். மொத்தமாக ஊற்றி அடித்தால் பெருங்குமிழி, சேர்க்காமலே அடித்தால் பசை. நுனியைத் தொடு, சுற்று, பார். மங்கலாக இருக்கிற நுரையில் பளபளப்பு ஏறும். விரல் இரண்டுக்கிடையில் வைத்துத் தேய்த்தால் வழுக்க வேண்டும், ஒட்டக் கூடாது. பளபளப்பு வந்த பிறகும் ஒரு சொட்டு தாங்குமா என்று பார்க்கிறவர்களுக்குத்தான் பிளேடு சறுக்கிக்கொண்டு போகிற நுரை கிடைக்கிறது, கெட்டியாக நிற்கிற நுரைதான் நல்ல நுரை என்று பலர் நம்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை. உயரமாக நின்று என்ன, வழுக்கவில்லையே.

பிப்ரவரி 9, இரவு 9.40

கிரீம் உபயோகிக்கிறவர்களுக்கு இவ்வளவு பாடு கிடையாது. ஊறவைப்பது மட்டும் அதே போல. கிரீமைப் பிரஷின் நடுவில் பிதுக்காதீர்கள், உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். கிண்ணத்திலோ கன்னத்திலோ வைத்து நுனியால் எடுங்கள்.

பிப்ரவரி 12, காலை 6.55

நுரை வந்த மாத்திரத்தில் அடங்குகிறது, எவ்வளவு ஊறவைத்தாலும், எவ்வளவு ஏற்றினாலும் அப்படித்தான், கிண்ணத்தின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ படிகிறது என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். அந்தப் படிவைப் பற்றி எழுதினதே நல்லதாயிற்று. உங்களுக்குப் பிரஷில் பிரச்சினையே இல்லை, உப்புத் தண்ணீர்தான், அதாவது கடின நீர்.

கடின நீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும். சோப்பைக் கண்டதும் அவை அதைப் பிடித்துக்கொண்டு கரையாத பொருளாக மாறிவிடும். ஒரு கால்சியம் அயனி போகும்போது இரண்டு சோப்பு மூலக்கூறையும் கூட்டிக்கொண்டு போகிறது. நீங்கள் ஏற்றுகிற சோப்பில் ஒரு பங்கு தண்ணீரைச் சரிக்கட்டவே செலவாகிவிடுகிறது, மிச்சம்தான் நுரைக்கு. கிண்ணத்தில் படிவது அந்தச் செத்த சோப்பு. அது முடியிலும் படியும், நாளாக ஆக முடி மெழுகு பூசினதுபோல் ஆகித் தண்ணீரை உள்ளே விடாது.

சோதிக்கிறது சுலபம். ஒரே ஒரு நாள், ஊறவைப்பதிலிருந்து கடைசிச் சொட்டு வரை எல்லாவற்றுக்கும் காய்ச்சி வடித்த நீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர் உபயோகியுங்கள். அதே பிரஷ், அதே சோப்பு. நுரை அடியோடு மாறினால் குற்றவாளி குழாய்த் தண்ணீர்தான். சவரத்துக்கு ஒரு டம்ளருக்கு மேல் தண்ணீர் தேவைப்படாது, தினமும் அந்த ஒரு டம்ளரை மட்டும் மாற்றிக்கொள்வது கஷ்டமான காரியமில்லை. முகம் கழுவ வழக்கம்போலக் குழாய்.

கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர் உதவுமா என்றால், பைகார்பனேட் உப்பால் வந்த கடினம் என்றால் உதவும், கொதிக்கும்போது அது அடியில் படிந்துவிடும், மேலே தெளிந்ததை எடுத்துக்கொள்ளலாம். சல்பேட், குளோரைடு உப்பால் வந்த கடினம் கொதித்தாலும் போகாது.

பிப்ரவரி 12, இரவு 10.00

மேலே சொன்னதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: முடியில் ஏற்கனவே படிந்த சோப்புப் படிவை எடுக்க, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து முடியை மட்டும் சில நிமிடம் வைத்து, நன்றாக அலசிவிடலாம். எப்போதாவது செய்தால் போதும், வாரா வாரம் வேண்டாம்.

பிப்ரவரி 15, காலை 7.30

பழக்குவதைப் பற்றி.

புது பிரஷையும், தினமும் உபயோகித்துப் பல மாதம் ஆன பிரஷையும் அருகருகே வைத்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். புதுசில் பெரும்பாலான முடி ஒற்றை நுனியாக, கொஞ்சம் மழுங்கலாகத் தெரிந்தது, அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பிளவு. பழசில் ஒவ்வொரு முடியும் நுனியில் இரண்டாக, சிலது மூன்றாக, நூல் பிரிந்ததுபோல் பிரிந்திருந்தது. கையால் தடவினால் வித்தியாசம் இன்னும் தெளிவு, புதுசு குத்துகிறது, பழசு ஊறினபின் தோலில் படுவதே தெரியவில்லை. பன்றி முடியின் இயல்பே நுனி பிளவது. நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து, கூடவே சோப்பில் உரசி உரசி அந்தப் பிளவு அதிகமாகிறது. ஒரு முடி இருந்த இடத்தில் மூன்று மெல்லிய நுனி வந்துவிட்டால் தண்ணீரும் நுரையும் பிடித்து வைக்க இடம் அதிகம், சோப்பை அடிக்கிற வேகமும் அதிகம். அதனால்தான் இதே பிரஷ் சில வாரம் கழித்து நீங்கள் எதையும் மாற்றாமலே நிறைய நுரை தர ஆரம்பிக்கும்.

அவசரப்பட்டால், சவரம் செய்யாத நேரத்திலும் சோப்பு ஏற்றி உள்ளங்கையில் வட்டமாகச் சுற்றி நுரை அடித்து, அலசி, முழுசாகக் காயவிடலாம். காயவிடுவது முக்கியம். எந்நேரமும் ஈரமாகவே வைத்திருந்தால் நுனி பிளவதும் சரியாக நடக்காது, வாடையும் போகாது.

வாடை என்றதும் ஞாபகம். புது பன்றி முடி பிரஷ் நனைந்ததும் விலங்கு வாடை அடிக்கும், சிலதில் பலமாகவே. கெட்டுப்போன பிரஷ் இல்லை, பயப்படாதீர்கள். பாத்திரம் கழுவுகிற திரவம் ஒரு சொட்டுப் போட்டு ஒரு முறை கழுவுங்கள், அப்புறம் சவர சோப்பில் நன்றாக நுரை அடித்து நுரையோடே ஒரு ராத்திரி விட்டுவிட்டுக் காலையில் அலசுங்கள். பாதி போய்விடும். மீதி உபயோகத்தில் போகும். முதல் சில தடவை நாலைந்து முடி உதிர்வதும் வழக்கம். கொத்துக் கொத்தாக வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

பிப்ரவரி 15, மதியம் 12.20

நுனியைக் கத்தரித்தோ மணல்தாளில் தேய்த்தோ சீக்கிரம் மெத்தென்று ஆக்கலாமா என்று கேட்டிருப்பவருக்கு: தயவுசெய்து வேண்டாம். மெல்லிசான நுனிதான் அந்த முடியின் சொத்து. வெட்டினால் மிஞ்சுவது தடித்த நடுப்பகுதி, அது முகத்தில் குத்திக்கொண்டேதான் இருக்கும், திரும்ப வளராது.

பிப்ரவரி 20, இரவு 9.15

பேச்சு கொஞ்சம் விலகிப் போகிறது, பரவாயில்லை, எனக்குப் பிடித்த விஷயம். பிளவுபட்ட நுனியை நம்பியிருப்பது சவர பிரஷ் மட்டும் இல்லை. எண்ணெய் ஓவியம் வரைகிறவர்களின் பன்றி முடி பிரஷும் இதே காரணத்தால்தான் கெட்டி வண்ணத்தைப் பிடித்துத் தூக்குகிறது. பல் தேய்க்கிற பிரஷும் ஒரு காலத்தில் பன்றி முடிதான், 1938இல் டூபாண்ட் நிறுவனத்தின் நைலான் இழை வந்தபிறகுதான் அது மாறியது. உலகத்துக்குப் பெரும்பங்கு பன்றி முடி சீனாவிலிருந்து போய்க்கொண்டிருந்தது, இரண்டாம் உலகப் போரின்போது வண்ணம் பூசுகிற பிரஷுக்கு அதுதான் மூலப்பொருள் என்பதால் அமெரிக்கா அதைப் போர்த் தளவாடச் சரக்காகவே நடத்தியது. சீனாவுக்குச் சரக்கு கொண்டுபோய் இமயமலையைத் தாண்டித் திரும்பி வந்த விமானங்களில் டங்ஸ்டன், வெள்ளீயத்தோடு பன்றி முடியும் ஏற்றப்பட்டது.

முடி பிரஷ் என்றால் ஆந்த்ராக்ஸ் வருமே என்று ஒருவர் பயந்து எழுதியிருந்தார். முதல் உலகப் போர் சமயத்தில் நடந்தது உண்மை, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சவர பிரஷ் மூலமாகச் சிலருக்கு ஆந்த்ராக்ஸ் வந்தது. பேட்ஜர் முடி தட்டுப்பாட்டில் குதிரை முடியைச் சாயமேற்றி பேட்ஜர் மாதிரி செய்து, சரியாகக் கிருமி நீக்காமல் விற்றதுதான் முக்கியக் காரணம். பன்றி முடியைத் தயாரிக்கும்போது கொதிக்கவைத்துச் சுத்தம் செய்வது பழைய காலத்திலிருந்தே இருக்கிற வழக்கம். முறையாகத் தயாரித்த இன்றைய பிரஷை நினைத்து அந்தப் பயம் வேண்டாம். யாரோ உபயோகித்த, எங்கிருந்து வந்தது என்று தெரியாத மிகப் பழைய பிரஷ் கிடைத்தால் அதை முகத்தில் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

பிப்ரவரி 22, காலை 8.05

பன்றி முடி என்பதாலேயே தொட விரும்பாதவர்கள் இருக்கிறார்கள், விலங்கு முடியே வேண்டாம் என்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் கேட்டதற்கு. செயற்கை இழை பிரஷ் தாராளமாக வாங்கலாம். அது தண்ணீரை உள்ளே இழுக்காது, அதனால் ஊறவைக்க வேண்டிய அவசியமே இல்லை, நனைத்து உதறிவிட்டு ஆரம்பிக்கலாம், குறைந்த சோப்பிலேயே நுரை வரும், சீக்கிரம் காயும். நல்ல பிரஷ்தான். வாங்கும்போது என்ன முடி என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், வெறுமனே "இயற்கை முடி" என்று போட்டிருந்தால் பெரும்பாலும் பன்றி முடியாகவே இருக்கும்.

எனக்கு ஏன் இன்னும் பன்றி முடி என்றால், முகத்தில் அது கொடுக்கிற உரசல். ஊறின பிரஷ் தாடி மயிரைப் புரட்டிப் புரட்டி ஒவ்வொன்றின் அடிக்கும் சோப்பைக் கொண்டுபோகிறது. முடி அடர்த்தியாகவும் முரட்டுத்தனமாகவும் இருக்கிற தாடைப் பகுதியில் இந்த வித்தியாசம் பிளேடு போகும்போது தெரியும். அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

மார்ச் 1, காலை 7.00

கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். நுரை இப்போது மூன்று சுற்றுக்கும் மிச்சப்படுகிறதாம். ஆனால் கிண்ணத்தில் அடிப்பதைவிட முகத்திலேயே அடித்தால் இன்னும் நன்றாக வருகிறது, ஏன் என்று கேட்கிறார்.

ஊறவைப்பதைப் பற்றிச் சொல்லும்போதே இதையும் சொல்லியிருந்தால் சீக்கிரம் வந்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. வழவழப்பான பீங்கான் கிண்ணத்தில் பிரஷ் வழுக்கிச் சுற்றும், உரசலே இருக்காது, முடி நெருக்கமாக இருக்கிற புது பிரஷ் காற்றை உள்ளே இழுக்கச் சிரமப்படும். முகத்தில் தாடி மயிர் இருக்கிறது, அது பிரஷை விரிக்கிறது, சோப்பும் தண்ணீரும் காற்றும் ஒன்றாகக் கலக்கிறது. கிண்ணத்தில்தான் அடிப்பேன் என்றால் உள்ளே வரிவரியாக மேடு இருக்கிற கிண்ணமாகப் பாருங்கள். குச்சி சோப்பு வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம், நனைந்த தாடியில் முடி வளர்கிற திசைக்கு எதிராகக் குச்சியைத் தேய்த்துவிட்டு நேராகப் பிரஷை எடுத்துச் சுற்ற வேண்டியதுதான். ஆர்கோ போன்ற குச்சி சோப்பெல்லாம் இந்த முறைக்கென்றே வந்தவை.

முகத்தில் அடிக்கும்போது எல்லா நேரமும் வட்டமாகவே சுற்றாதீர்கள். நுரை எழும்பும் வரை வட்டம், எழும்பினபின் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற கணக்காக மேலும் கீழும் தடவல். தோல் எரிகிறது, சிவக்கிறது என்றால் அளவுக்கு மீறி அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம்.

மார்ச் 2, இரவு 9.30

ஊறவைக்கிற நேரத்தைப் பற்றி முன்பு சண்டை போட்டவர் "இப்போது என் பிரஷுக்கு நீங்கள் சொன்ன அளவு தேவையே இல்லை" என்று எழுதியிருக்கிறார், நான் அதோடு முரண்படவில்லை. பழகின முடி நுனி பிரிந்து இருப்பதால் தண்ணீர் சீக்கிரம் ஏறுகிறது. என்னுடைய பழைய பிரஷை இப்போது முகம் கழுவித் தாடியை நனைக்கிற நேரம் மட்டும் ஊறவைக்கிறேன், போதுமாக இருக்கிறது. ஆனால் இதைப் படித்துவிட்டு நேற்று வாங்கின பிரஷுக்கு யாரும் அதைச் செய்ய வேண்டாம்.

மார்ச் 9, காலை 7.20

கடைசியாக வந்த கேள்வி, காயவைப்பது: கவிழ்த்துத் தொங்கவிடுவதா, நிறுத்திவைப்பதா?

இதற்கு நீங்கள் நினைக்கிற அளவு முக்கியத்துவம் இல்லை. அதற்கு முன் செய்வதுதான் முக்கியம். முதலில் அடியில் இருக்கிற சோப்பு முழுக்கப் போக வேண்டும். குழாயடியில் பிடித்தால் வெளிமுடி மட்டும்தான் அலசப்படும், கைப்பிடியை ஒட்டின நடுப்பகுதியில் சோப்பு தங்கிவிடும், நாளாக நாளாக அங்கே இறுகி முடியை ஒடிக்கும். ஒரு குவளைத் தண்ணீரில் பிரஷை அமுக்கி அமுக்கி எடுத்து, தண்ணீர் மாற்றி, தெளிந்த தண்ணீர் வருகிறவரை செய்யுங்கள். அப்புறம் அடியிலிருந்து அமுக்கித் தண்ணீரை எடுத்துவிட்டு, பலமாக உதறி, துண்டில் நுனியை முன்னும் பின்னும் தடவுங்கள். இவ்வளவும் செய்தால் பிரஷில் சொட்டுகிற தண்ணீர் மிச்சம் இருக்காது, நிறுத்தினாலும் தொங்கவிட்டாலும் ஒன்றுதான். காற்று ஓடுகிற இடமாக இருக்க வேண்டும், மூடி போட்ட டப்பாவிலும் அலமாரிக்குள்ளும் ஈரத்தோடு வைக்காதீர்கள்.

பன்றி முடி உள்ளுக்குள் தண்ணீர் குடித்திருப்பதால் வெளியே காய்ந்தமாதிரி இருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். தினமும் மழிக்கிறவர்கள் இரண்டு பிரஷ் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி எடுத்தால் இரண்டுமே முழுசாகக் காயும். ஒன்றுதான் இருக்கிறது என்றால், காலையில் மழித்ததும் அலசிக் காற்றில் வைத்துவிடுங்கள், மறுநாள் காலையில் அடியில் விரல் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் காயவில்லை, வைக்கிற இடத்தை மாற்றுங்கள்.